டிராகனை வரைந்த கைகள்: ‘ஆர்ட் அண்ட் ஆர்கேனா’ ஓவியத் தொகுப்பு பற்றி

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆர்ட் அண்ட் ஆர்கேனா’ என்னும் இந்தப் பெரிய நூலை நான் வாங்கியது விளையாட்டுக்காக அன்று. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அந்த விளையாட்டை ஒழுங்காக உட்கார்ந்து ஆடியது மொத்தமாக நான்கைந்து முறைதான் இருக்கும். எண்ணும் பகடையும் எனக்கு வசப்படவில்லை. என்னைப் பிடித்து இழுத்தவை அதன் படங்களே. பாத்திரமேற்று ஆடும் இந்த விளையாட்டில் சதுரங்கத்தைப் போலக் கட்டாயமான பலகை கிடையாது. ஒருவர் நிலவறையைச் சொல்லால் விவரிப்பார். மற்றவர்கள் அதற்குள் நடப்பதாக எண்ணிக்கொண்டு பேசுவார்கள். இடையிடையே பகடை உருளும். ஐந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்தால் ஐந்து நிலவறைகள் அவரவர் மனத்தில் எழும். அந்த ஐந்தையும் ஏறக்குறைய ஒன்றாக்கும் வேலை விதிநூலில் உள்ள படத்தினுடையது. அந்த வேலையைச் செய்தவர்கள் யார், அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளவே இந்த நூலை வரவழைத்தேன். எனவே இந்த மதிப்புரையும் அந்த ஒரு கேள்வியை முன்வைத்தே அமைகிறது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மைக்கேல் விட்வர், கைல் நியூமன், ஜான் பீட்டர்சன், சாம் விட்வர் ஆகிய நால்வர் சேர்ந்து உருவாக்கிய இந்நூலை டென் ஸ்பீட் பிரஸ் 2018 அக்டோபரில் வெளியிட்டது. 440 பக்கங்கள், எழுநூறுக்கும் மேற்பட்ட படங்கள், நடிகர் ஜோ மாங்கனியெல்லோவின் முன்னுரை. அறிவியல் புனைவு, மிகுபுனைவுத் துறைக்கான ஹ்யூகோ விருதில், 2019ஆம் ஆண்டு, ஓவிய நூலுக்கான பிரிவின் இறுதிப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. வெளிவந்தபோது அமெரிக்காவில் சாதாரணப் பதிப்பின் அச்சிட்ட விலை 50 டாலர். கடல் கடந்து வரும்போது அது கூடத்தான் செய்யும். எனக்கு வந்த பிரதியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. அனுப்பிய கடைக்காரர் இவ்வளவு கனமான புத்தகத்தை மெல்லிய உறை ஒன்றில் போட்டு அனுப்பியிருந்தார். அதில் நூலின் குற்றம் எதுவுமில்லை. தாள் தடித்தது, வண்ணம் தெளிவாகப் பதிந்திருக்கிறது. படுத்துக்கொண்டு படிக்க முடியாது, மேசை வேண்டும்.

நூல் கால வரிசையில், விளையாட்டின் பதிப்புக்குப் பதிப்பாக நகர்கிறது. தொடக்கம் 1974, விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூர். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய விதிகளை டிஎஸ்ஆர் என்ற புதிய நிறுவனம் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டது. உள்ளே இருந்த சிறு படத்துக்கு 2 டாலர், சற்றுப் பெரிய படத்துக்கு 3 டாலர், மேலும் ஆயிரம் பிரதிகள் அச்சாகும்போது அதே தொகை மறுபடியும் என்பதே அன்றைய கூலி. வரைந்தவர்கள் தொழில்முறை ஓவியர்கள் அல்லர். அந்த விளையாட்டு வட்டத்தில் இருந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுமே. அவர்களில் முக்கியமானவர் கிரெக் பெல் என்ற இளைஞர். முதல் பெட்டியின் மேல், பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரையும் அதன் மேல் ஒரு வீரனுமாக ஒரு படம் உண்டு. அது 1968இல் வெளிவந்த மார்வெல் காமிக்ஸ் இதழொன்றின் ஒரு கட்டத்தைப் பார்த்து வரையப்பட்டது. நூலாசிரியர்கள் இதை மறைக்கவில்லை. மூலத்தையும் நகலையும் வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கொடுத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் அதிகாரபூர்வ அனுமதியுடன் வெளிவரும் ஒரு நூல் தன் பிறப்பின் இந்தப் பக்கத்தையும் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு டாலர் கூலிக்குப் புதிதாக ஒரு குதிரையின் உடற்கூற்றை யார் கற்றுக்கொண்டு வரைவார்கள் என்ற கேள்வியும் உடனே எழுகிறது.

1977 முதல் 1979 வரையிலான பகுதிதான் என் பார்வையில் இந்நூலின் உச்சம். அந்த ஆண்டுகளில் வெளியான மூன்று கெட்டி அட்டை விதிநூல்களின் முகத்தை உருவாக்கியவர்களில் டேவிட் சதர்லாண்டும் டேவிட் டிராம்பியரும் முதன்மையானவர்கள். சதர்லாண்ட் வியட்நாம் போருக்குச் சென்று திரும்பியவர். நரகத்தில் அரக்கர் கூட்டத்தின் நடுவே தனியாக நின்று வாளோங்கும் புனித வீரனை அவர் வரைந்த கோட்டோவியம், கோடுகளில் நேர்த்தி குறைவாக இருந்தாலும், ஒரு முறை பார்த்தால் மறப்பதில்லை. டிராம்பியர் வேறு வகை. அவருக்குக் கறுப்பு மையின் மீது முழு ஆட்சி இருந்தது. எங்கே கோடு போடாமல் விட வேண்டும் என்பது தெரிந்த கை அது.

1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டுக்கு டிராம்பியர் தீட்டிய அட்டைப்படத்தின் முன் நான் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். மிகப் பெரிய ஓர் அரக்கச் சிலை. அதன் கண்கள் மாணிக்கங்கள். சிலையின் தலையில் ஏறிய இரண்டு திருடர்கள் ஒரு கண்ணை நெம்பிப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே, பல்லி உருவம் கொண்ட எதிரிகளின் பிணங்கள் கிடக்கின்றன. ஒருவன் தன் வாளைத் துடைக்கிறான். வேறு சிலர் வரைபடத்தைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். சண்டை முடிந்துவிட்டது, இப்போது மிச்ச வேலை நடக்கிறது. வாளோடு வாள் மோதும் நொடியைத்தான் இத்தகைய அட்டைகளில் எவரும் எதிர்பார்ப்பார்கள். டிராம்பியர் அதை விட்டுவிட்டு, கூலிக்கு வந்த ஒரு கூட்டம் களைப்போடும் கவனத்தோடும் தன் தொழிலைச் செய்யும் வேளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இந்த விளையாட்டை ஆடுபவர்கள் மேசையில் உண்மையில் பெரும்பாலும் செய்வதும் அதைத்தான்: பேசுவார்கள், வரைபடம் பார்ப்பார்கள், எதை எடுக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். விதிகளின் இயல்பை அட்டையிலேயே சொல்லிவிட்ட படம் இதைப் போல் வேறொன்று இந்த எழுநூறில் இல்லை என்பது என் துணிபு.

அந்தக் கைக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையைத் தேடினால் நெஞ்சு கனக்கிறது. டிராம்பியர் 1954இல் பிறந்தவர். நிறுவனத்தின் ‘டிராகன்’ இதழில் 1977 முதல் ‘வார்மி’ என்ற படக்கதையை வரைந்தார். சுருட்டுப் பிடித்துக்கொண்டு பில்லியர்ட்ஸ் ஆடும் ஒரு டிராகனின் கதை அது. ஜேசன் மெக்காலிஸ்டருடன் சேர்ந்து 1980இல் ‘டைட்டன்’ என்ற பலகை விளையாட்டையும் உருவாக்கினார். 1988இல் அந்தப் படக்கதை நடுவழியில், கதை முடியாமலே நின்றது. அனுப்பிய காசோலைகள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. அவர் இறந்துவிட்டார் என்று கூடப் பலரும் நம்பினார்கள். 2002இல் இல்லினாய் மாநிலத்தின் கார்பன்டேல் ஊரில் ஒரு பல்கலைக்கழக மாணவர் நாளிதழ் இரவு நேர டாக்ஸி ஓட்டுநர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டபோதுதான், படத்தோடும் பெயரோடும் அவர் மறுபடி உலகின் கண்ணில் பட்டார். மீண்டும் வரையும்படி கேட்டவர்களுக்கு அவர் இசையவில்லை. கடைசியில், உள்ளூரில் நடக்கவிருந்த ஒரு விளையாட்டு விழாவில் தன் பழைய ஓவியங்களைக் காட்சிக்கு வைக்க ஒப்புக்கொண்டிருந்த நிலையில், விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, 2014 மார்ச் 24 அன்று, 59ஆம் வயதில் காலமானார். அவர் ஏன் விலகினார் என்பதைத் தம் வாயால் உலகுக்கு விளக்கவேயில்லை. ஆகவே நானும் ஊகிக்கப் போவதில்லை.

இங்கேதான் இந்த நூலோடு எனக்கு ஒரு மனத்தாங்கல். இது விளையாட்டின் வரலாறு. ஓவியர்களின் வரலாறு அன்று. பதிப்பு மாறும்போது அத்தியாயம் மாறுகிறது. ஓர் ஓவியர் வந்ததற்கோ போனதற்கோ அது மாறுவதில்லை. ஒருவருடைய படங்கள் திடீரென்று கண்ணில் படாமல் போனால், அவர் வேலையை விட்டாரா, விலக்கப்பட்டாரா, நோயுற்றாரா என்பதை வாசகர் தாமாகத்தான் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நூலின் நோக்கம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எழுநூறு படங்களைச் சேகரித்த உழைப்புக்கு நடுவே, படத்துக்கு என்ன கூலி, அசல் ஓவியம் யாரிடம் தங்கியது, உரிமை யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கென்று ஒரு பத்துப் பக்கம் ஒதுக்கியிருந்தால் நூலின் மதிப்பு இரட்டித்திருக்கும். அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் தன் பணியின் பகுதியாக வரைந்த ஓவியத்துக்குச் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் நிறுவனமே. கித்தானைக் கையில் வைத்திருப்பது வேறு, படத்தின் உரிமையை வைத்திருப்பது வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் இத்துறை ஓவியரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளவே முடியாது.

அந்தச் சம்பளக் காலத்தின் நாயகர் லாரி எல்மோர். 1948இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்து, மேற்குக் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்று, ஃபோர்ட் நாக்ஸ் இராணுவத் தளத்தில் அரசுக்காகப் படம் வரைந்துகொண்டிருந்தவர். 1981இல் டிஎஸ்ஆர் அவரை முழுநேர ஊழியராக எடுத்துக்கொண்டது. ஜெஃப் ஈஸ்லி, கீத் பார்கின்சன், கிளைட் கால்டுவெல் ஆகியோரும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தார்கள். தைல வண்ணத்தில் பயிற்சி பெற்ற நான்கு பேர், ஒரே நிறுவனத்தில், மாதச் சம்பளத்தில், ஒருவர் படத்தை ஒருவர் எட்டிப் பார்த்து வரைந்த காலம் அது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டு டாலர் கொடுத்த நிறுவனம்தான் இது என்பதை நினைத்துக்கொண்டு இந்தப் பக்கங்களைப் புரட்ட வேண்டும். புரட்டும்போது கண்ணுக்குத் தெரிவது திறமையின் வளர்ச்சி மட்டுமல்ல. ஓர் ஓவியருக்கு ஒரு படத்தில் பல நாட்கள் செலவிட நேரம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிகிறது. தோலின் மடிப்பும், பனியின் மேல் விழும் நீல நிழலும், உலோகத்தில் மங்கலாகத் தெரியும் வானமும் அந்த நேரத்தால் வந்தவை.

புதிதாக ஆடத் தொடங்குபவர்களுக்காக 1983இல் வந்த சிவப்புப் பெட்டிக்கு எல்மோர் தீட்டிய அட்டைதான் உலகில் மிகப் பலர் முதலில் பார்த்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் படமாக இருக்க வேண்டும். பொற்குவியலின் மேல் சிவப்பு டிராகன் வாயைப் பிளந்து பாய்கிறது. கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்த வீரன் நமக்கு முதுகைக் காட்டியபடி வாளை ஓங்கி நிற்கிறான். டிராம்பியர் சண்டைக்குப் பிந்தைய வேளையை வரைந்தார் என்றால், எல்மோர் வரைந்தது அடி விழுவதற்குச் சற்று முந்தைய கணத்தை. வீரனின் முகம் நமக்குத் தெரியாததால், பெட்டியைக் கையில் எடுக்கும் சிறுவன் அந்த இடத்தில் தன்னை வைத்துக்கொள்ளலாம். கடையில் தொங்கும் பொருளுக்கு இதைவிடக் கெட்டிக்கார அட்டை அமையாது. ஓவியமாக நான் டிராம்பியரின் பக்கம். விற்பனைக்கு எல்மோர்தான் என்பதில் ஐயமில்லை. 1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் நாவல்களின் அட்டைகளிலும் அவர் இதே நயத்தைக் காட்டினார்; அந்தக் கதைமாந்தர்கள் இன்றும் வாசகர் மனத்தில் அவர் கொடுத்த முகங்களோடுதான் நடமாடுகிறார்கள்.

1987இல் எல்மோர் சம்பள வேலையை விட்டார். அதன் பிறகு அவர் ஃப்ரீலான்ஸ் ஓவியர். 1989இல் வந்த ‘ஷேடோரன்’ விளையாட்டின் முதல் பதிப்பு அட்டையும் அவருடையதே. பிற்காலத்தில் தம் ஓவியங்களின் முழுத் தொகுப்பை வெளியிடுவதற்கு அவர் வாசகர்களிடமே கூட்டு நிதி திரட்டினார். விளையாட்டு நிறுவனத்தின் பெயரைச் சார்ந்திருந்த ஒருவர் தம் பெயரையே சரக்காக்கிக்கொண்ட இந்தப் பயணம், இத்துறையில் வாழ்ந்து காட்டியவர்களின் வழி என்று சொல்லலாம். நிறுவனத்தின் நூல் என்பதால், அவர் வெளியே செய்தவை இந்தப் பக்கங்களுக்குள் வர வழியில்லை. பார்கின்சனுக்கும் அப்படியே. 1999இல் கணினி விளையாட்டு உலகை ஆண்ட ‘எவர்குவெஸ்ட்’ பெட்டியின் ஓவியம் அவருடையது. 2005இல், நாற்பத்தேழே வயதில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அதே 2005இல்தான் சதர்லாண்டும் போய்ச் சேர்ந்தார். கோட்டோவியத்தில் தொடங்கிய அவர் பின்னாளில் வரைபடக்காரராக மாறியிருந்தார். 1983இல் வந்த ‘ரேவன்லாஃப்ட்’ என்ற சாகச நூலில் உள்ள கோட்டையின் முப்பரிமாண வரைபடங்கள் அவர் கைவண்ணம். வாள் வீரனை விட மாடிப்படி வரைவது கடினம் என்பதை அந்த வரைபடங்களைப் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள்.

1990களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஓவியர் புரோம் 1991இல் ‘டார்க் சன்’ என்ற பாலைவன உலகத்துக்குத் தந்த வறண்ட, எலும்பு நிற அழகு தனி. டோனி டிடெர்லிஸி 1994இல் ‘பிளேன்ஸ்கேப்’ உலகை மெல்லிய கோடுகளாலும் நீர்வண்ணச் சாயலாலும் கட்டினார். பிறகு சிறுவர் நூல்களுக்குச் சென்று, 2003இல் சிறுவர் பட நூல் ஓவியத்துக்கான கால்டிகாட் கௌரவமும், ‘ஸ்பைடர்விக்’ தொடரின் வழியாகப் பெரும் வாசகர் கூட்டமும் பெற்றார். விளையாட்டு விதிநூலில் கை பழகி, அதைவிட்டு வெளியேறிய பின் பெரிதாக வளர்ந்தவர்களுக்கு அவர் நல்ல சான்று.

1997இல் டிஎஸ்ஆர் நிறுவனத்தை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற மற்றொரு விளையாட்டு நிறுவனம் வாங்கியது. 2000இல் வந்த விளையாட்டின் மூன்றாம் பதிப்பிலிருந்து படங்களின் குணமே மாறுகிறது. ஓவியர் டாட் லாக்வுட் டிராகன்களைத் திரும்ப வடிவமைத்தார்: சிவப்பு டிராகனுக்கு ஒரு தாடை, கறுப்புக்கு வேறு கொம்பு, பச்சைக்கு வேறு முகடு என்று ஒவ்வோர் இனத்துக்கும் தனி உடற்கூறு. அதுவரை டிராகன் ஓவியருக்கு ஓவியர் மாறும். இனி எவர் வரைந்தாலும் அந்தத் தாடை இருந்தாக வேண்டும். இந்த ஒழுங்கு நல்லதா என்று எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. ஒரே அரக்கனின் உருவம் பதிப்புக்குப் பதிப்பு எப்படி மாறியது என்பதை அடுக்கிக் காட்டும் பக்கங்கள் நூலில் உள்ளன. நடுவே ஒரு பெருங்கண்ணும் உச்சியில் பத்துத் தண்டுக்கண்களும் கொண்ட பெஹோல்டர் என்ற மிதக்கும் பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் கிரெக் பெல் வரைந்த பந்து, அசட்டுத்தனமாகச் சிரிப்பது போலிருக்கும். இப்போதைய பந்தின் ஒவ்வொரு செதிலிலும் ஒளி சரியான கோணத்தில் விழுகிறது. பயம் என்னவோ எனக்குப் பழையதைப் பார்த்தபோதுதான் வந்தது. அதை வரைந்தவருக்கு அது என்னவென்று முழுதாகத் தெரியாது என்பதால் இருக்கலாம்.

நூல் 2018இல் நின்றுவிடுகிறது. அதன் பின் 2023 ஆகஸ்டில், பேருருவ இராட்சதர்களைப் பற்றிய ஒரு விதிநூலில் ஓவியர் ஒருவர் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு படங்களை முடித்திருந்தது தெரியவந்து, இனி அப்படிச் செய்யக் கூடாது என்று நிறுவனம் தன் ஓவியர்களுக்கான நெறிமுறையைத் திருத்துவதாக அறிவித்தது. அந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனால், காமிக்ஸ் கட்டத்தைப் பார்த்து வரைந்த குதிரை வேறு மாதிரித் தெரிகிறது. பெல் செய்ததும் பிறர் படத்திலிருந்து எடுத்ததுதான். ஆனால் எடுக்கும்போது அவர் கை தடுமாறியது. அந்தத் தடுமாற்றம் படத்தில் இருக்கிறது.

அச்சமைப்பில் சில குறைகளைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கங்களுக்குப் பரவிய ஓவியங்களில் நடு மடிப்பு சில முகங்களை விழுங்கிவிடுகிறது; இவ்வளவு தடிமனான நூலில் இது தவிர்க்க முடியாதது என்றாலும், படத்தின் மையத்தை ஓரிரு அங்குலம் தள்ளி வைத்திருக்கலாம். சில பக்கங்களில் விளம்பரம், பொம்மை, பெட்டி, அட்டை என்று எல்லாவற்றையும் நெருக்கி அடைத்ததில் நல்ல கோட்டோவியங்கள் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டன. படக்குறிப்புகளின் எழுத்து மிகச் சிறியது. என் வயதுக்கு விளக்கை அருகில் இழுக்க வேண்டியிருந்தது. அசல் ஓவியத்தின் அளவு என்ன, எந்த வண்ணத்தில் தீட்டியது என்ற விவரங்களையும் ஓவியம் பயில்பவர் இன்னும் கூடுதலாக எதிர்பார்ப்பார்.

விளையாட்டை ஆடுபவர்களுக்கு இது நினைவுப் பெட்டகம். அவர்களுக்கு என் பரிந்துரை தேவையில்லை. ஓவியம் வரைந்து பிழைக்க நினைக்கும் இளைஞர்கள் இதை வாங்கலாம், ஆனால் ஓவியரின் பெயரைப் பின்தொடர்ந்து படிக்க வேண்டும். ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அது முதலில் எந்தப் பக்கத்தில் வருகிறது, எந்தப் பக்கத்தோடு மறைகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். நூலில் எழுதப்படாத வரலாறு அந்தத் தாளில் திரளும். சுவரில் மாட்டும் படங்களும் ஒரு பழைய நிலவறைச் சாகசத்தின் முதல் வடிவமும் சேர்த்துப் பெட்டியில் அடைத்த சிறப்புப் பதிப்பு ஒன்றும் உண்டு, சேகரிப்பாளர்களுக்கு அது. மற்றவர்களுக்குச் சாதாரணப் பதிப்பும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். கண்ணாடி எதற்கென்றால், பழைய கோட்டோவியங்களின் மூலையில், புல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, டேவிட் டிராம்பியர் தன் பெயரின் முதலெழுத்துகளை ‘டி ஏ டி’ என்று மிகச் சிறியதாக ஒளித்து வைத்திருப்பார்.